மூன்றாம் சுருள்

பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும்
ஊறுகாய் ஜாடி உடைந்ததுபோல் காடி நெடி.
செத்துக்கொண்டிருக்கும் படச்சுருள்
முதலில் மூக்கிடம்தான் முறையிடும்.
செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்துக்கு மேலே
ஜன்னல் இல்லாத அறையில்
பதினோரு வருடமாய் இதுதான் என் வேலை:
கையுறை, பஞ்சு, இருமல்.

லியாண்டர் பின்.
அக்கார்டியனுக்குப் பக்கத்தில் மின்கிதாரை நிறுத்தி
மீன்பிடிப் பாட்டுக்கு மின்சாரம் பாய்ச்சியவன்.
அவன் பெயரில் ஒரு படகு ஓடுகிறது,
ஒரு பீர் விற்கிறது.
தங்கை மகன் மேஜையில் வைத்துவிட்டுப் போன டப்பாவில்
மூன்று சுருள்கள்.

முதலாவதில் ஒரு நாய், யாருடையதோ கல்யாணம்,
சேற்றில் வேனுக்கு டயர் மாற்றும் இசைக்குழு.
இரண்டாவது
ஹாக்கி வட்டுபோல் கட்டி தட்டிவிட்டது.
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
எவ்வளவு பாட்டு கனக்கிறது என்று பார்ப்பவள்போல.

மூன்றாவது ஓடியது.
எழுபத்திரண்டு, பிப்ரவரி, மீன் ஆலைக் கூடம்,
வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் வாரம்.
ஒலி இல்லை.

இந்த ஊரில் அந்தப் படம் மாட்டாத மதுக்கடை இல்லை:
நிமிர்ந்த தலை, மூடிய கண், பிளந்த வாய்,
முகமெங்கும் வெள்ளை வெளிச்சம்.
பனியனிலும் அச்சடித்தார்கள்.
என் கணவன் அதை அணிந்துதான் அறிமுகமானான்.
அவன் போய்விட்டான்.
பனியனால் இப்போது கார் துடைக்கிறேன்.

அந்தப் படம் இந்தச் சுருளின் ஒரு துண்டு.
முன்னும் பின்னும் நாலு நிமிடம் இருக்கிறது.
என்ன பாட்டென்று கேட்க
ஊனா ஸ்வீட்ஆப்பிளை வரவழைத்தேன்.
குழுவின் பேஸ் கிதார்;
பிறகு முப்பது வருடம் பள்ளிப் பேருந்து.
டிரம்ஸ் பக்கமே நின்று நின்று
காது இரண்டும் போய்விட்டன.
உதட்டைத்தான் படிப்பாள்.

ஓட்டினேன்.
ஆம்ப்ளிஃபையரின் சின்ன விளக்கு அணைகிறது.
பிறகு கூடமே அணைகிறது.
கறுப்பு. கறுப்பு. கீறல்.
சட்டென்று வாசல் வழியே
இரண்டு கண்களாய் வெளிச்சம் பாய்கிறது.
யாரோ பிக்கப் வண்டியைப் படிக்கட்டுவரை ஏற்றி
ஹெட்லைட்டை உள்ளே திருப்பியிருக்கிறார்கள்.
வெளிச்சத்தோடு பனியும் நுழைகிறது.
லியாண்டர் முகத்தைத் தூக்குகிறான், கண் கூச மூடுகிறான்,
வாய் பிளக்கிறது.

ஊனா சிரித்த சிரிப்பில்
நாற்காலி நகர்ந்தது.
"பாட்டா? எவன் சொன்னான்?
'கதவைச் சாத்துங்கடா, குளிருது'
என்கிறான்."

யாரும் சாத்தவில்லை.
சாத்தினால் வெளிச்சம் போய்விடும்.
முன்வரிசைப் பெண் ஒருத்தி
தன் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போடுகிறாள்.
அவன் கிதாரை வாசிக்கத் தொடங்குகிறான்,
மின்சாரமே இல்லாத மின்கிதாரை.
அன்று அந்தக் கூடத்திலும் அது கேட்டிருக்காது.
இந்த நாலு நிமிடத்துக்கு மட்டும்
என் ஊமைப்படம் பொய் சொல்லவில்லை.

கேட்டது வேறு.
ரப்பர் பூட்ஸ், இருநூறு ஜோடி.
உத்தரத்திலிருந்து தூசி உதிர்வது தெரிகிறது.
அதை ஊனா மேஜையில் தட்டிக் காட்டினாள்,
தப்பாமல்,
அவள் கேட்டிராத தாளத்தை நான் கேட்கும்படி.

திரும்ப ஓட்டச் சொன்னாள். மூன்று முறை.
அவள் லியாண்டரைப் பார்க்கவில்லை.
வாசலில் அந்த இரண்டு வெள்ளைப் பொட்டுகளை,
அவற்றுக்குப் பின்னால் இருந்த இருட்டை.

"உள்ளே உட்கார்ந்திருந்தது ஈபன், என் தம்பி.
கடைசிவரை இன்ஜினை அணைக்கவில்லை.
கச்சேரி எப்படி என்று என்னிடம் கேட்டான்.
அரை டேங்க் பெட்ரோல்.
லியாண்டர் காசு தரவேயில்லை."

மாலையில் பதிவு அட்டையை நிரப்பினேன்.
பாடல்: இல்லை.
ஒலி: இல்லை.
படம்பிடித்தவர்: தெரியவில்லை.
வெளிச்சம் என்றொரு கட்டம் அட்டையில் கிடையாது.
ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு
எழுதினேன்: ஈபன் ஸ்வீட்ஆப்பிள்,
ஃபோர்டு பிக்கப்,
பாக்கி அரை டேங்க்.